கவுண்டி கோர்ட்டில் ஆன்லைன் தாக்கல்: ‘சப்மிட்’ அழுத்தினால் முடிந்ததா?

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்காக ஒரு நிறுவனம் என் மேல் வழக்குப் போட்டு, காலின் கவுண்டி கோர்ட் சம்மன் கைக்கு வந்திருக்கிறது. வக்கீல் வைக்க இப்போது வசதியில்லை. பதில் மனுவை நானே ஆன்லைனில் போடலாமா? கடைசி நாள் இரவு 12 மணிக்குள் அனுப்பினால் போதும் என்கிறார் நண்பர்.

பதில்: தாராளமாகப் போடலாம். டெக்சாஸ் சிவில் வழக்குகளில் மின்வழித் தாக்கல் வக்கீல்களுக்குத்தான் கட்டாயம். தன் வழக்கைத் தானே நடத்துபவருக்கு அது விருப்பம். மெக்கின்னியில் உள்ள கிளார்க் அலுவலகத்தில் காகிதமாகக் கொடுத்தாலும் செல்லும்.

நண்பர் சொன்னது பாதி சரி. பொதுவாக எந்த மனுவுக்கும் கடைசி நாள் நள்ளிரவு வரை நேரம் உண்டு. ஆனால் கவுண்டி கோர்ட்டில் முதல் பதில் மனுவுக்குக் கணக்கே வேறு: சம்மன் கிடைத்த நாளை விட்டுவிட்டு 20 நாள் எண்ணுங்கள், அது முடிந்து வரும் திங்கட்கிழமை காலை 10 மணிதான் கெடு. 5-ஆம் தேதி வியாழக்கிழமை சம்மன் கிடைத்திருந்தால் 20-ஆவது நாள் 25, புதன். கெடு 30-ஆம் தேதி திங்கள் காலை 10. அன்று இரவு வரை நேரமிருக்கிறது என்று இருந்தால், அதற்குள் எதிர்த்தரப்பு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (நீங்கள் பதில் தராததால் ஒருதரப்பாகத் தரும் தீர்ப்பு) கேட்டுவிடலாம். சனி, ஞாயிறில் அனுப்புவதும் அடுத்த வேலை நாளில் தாக்கலானதாகவே கொள்ளப்படும். அதனால் வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். சம்மனில் ‘ஜஸ்டிஸ் கோர்ட்’ (சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்) என்றிருந்தால் 14 நாள்தான், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃபைல்டெக்சாஸ் என்பது மாநிலத்தின் தளம். ஏதாவது ஒரு சேவை நிறுவனம் வழியாகத்தான் உள்ளே போக முடியும். இலவசமானதும் இருக்கிறது, அதையே எடுங்கள். அங்கே ‘ஏற்கெனவே உள்ள வழக்கு’ என்பதைத் தேர்ந்து, சம்மனில் உள்ள வழக்கு எண்ணை அப்படியே கொடுங்கள். பலர் தடுமாறும் இடம் இது. பதில் மனுவுக்குப் பொதுவாகக் கோர்ட் கட்டணம் கிடையாது; திரையில் பெரிய தொகை வந்தால், புது வழக்குத் தொடுக்கும் பக்கத்துக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஃபிரிஸ்கோ காலின், டென்டன் என இரண்டு கவுண்டிகளில் பரவிக் கிடக்கிற ஊர். உங்கள் வீடு எதில் இருந்தாலும் சரி, சம்மனில் போட்டிருக்கும் கோர்ட்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மனுவைத் தட்டச்சு செய்து நேராகப் பிடிஎஃப் ஆக்குங்கள். அச்செடுத்துச் செல்போனில் படம்பிடித்து அனுப்ப வேண்டாம். எழுத்துகளைத் தேடக்கூடிய பிடிஎஃப்தான் விதிப்படி வேண்டும், பூட்டும் போடக் கூடாது. கையெழுத்துக்கு இரு சாய்கோடுகளுக்கு நடுவே ஆங்கில ‘எஸ்’ போட்டு, பக்கத்தில் பெயரை அடித்தால் போதும். மின்னஞ்சல் முகவரியும் மனுவில் இருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட் எதையாவது இணைத்தால் கார்டு எண், சோஷியல் செக்யூரிட்டி எண் இரண்டையும் மறைத்துவிடுங்கள், கோர்ட் ஆவணம் யார் கண்ணிலும் படும்.

உள்ளடக்கத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் மறுக்கிறேன் என்ற ஒற்றை வரி பல வழக்குகளில் போதும்; ஆனால் சிலவற்றைச் சத்தியப் பிரமாணத்தோடுதான் மறுக்க முடியும். அந்த ஒரு கேள்விக்காகவாவது இலவசச் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள்.

‘சப்மிட்’ அழுத்தினால் மனு அந்த நேரத்தில் தாக்கலானதாகவே சட்டம் கொள்கிறது. இருந்தாலும் வேலை முடியவில்லை. கிளார்க் பார்த்து ஏற்க வேண்டும். பிழை இருந்தால் காரணத்தைக் குறித்து, திருத்தி அனுப்பக் கெடு கொடுத்துத் திருப்புவார். அந்தக் கடிதம் மின்னஞ்சலில் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுவது சகஜம். எனவே தளத்திலேயே நிலவரத்தைப் பாருங்கள். அப்புறம், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் நகல் போக வேண்டும்: தாக்கல் செய்யும்போதே, எதிர்த்தரப்புக்கும் சேர்த்து நகல் அனுப்பும் வழியைத் தேர்ந்து, வழக்கு மனுவின் கடைசியில் உள்ள அவர் மின்னஞ்சலைச் சேருங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டதும் கோர்ட் முத்திரையோடு ஒரு நகல் கிடைக்கும். உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.