அந்தக் கை யாருடையது?

அன்புள்ள அண்ணா,

காசிமேட்டில் இருக்கிறேன். இரண்டு வருடமாக ஒரு காமிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு ஷாக் அடிக்கிறது. ஆள் மறைந்துவிடுகிறான், வலது கை மட்டும் தெரிகிறது. படித்த நண்பன், ‘இது இரும்புக்கை மாயாவி காமிக்ஸைச் சுட்டது, வெளியே காட்டாதே’ என்று சொல்லிவிட்டான். அந்த மாயாவியும் ஷாக் அடித்தால் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரிபவன்தான். அப்பா சேர்த்துவைத்த முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான், இல்லையென்று எப்படிச் சொல்ல? அதற்குப் பிறகு பேனாவையே தொடவில்லை. பழைய கதையிலிருந்து எடுப்பது திருட்டா? ஆறு பக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், காசிமேடு

*

அன்புள்ள தம்பி,

ஆறு பக்கத்தையும் மூன்று முறை பார்த்தேன். நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதி, கதையில் இல்லை. மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. துப்பாக்கியோடு அந்தரத்தில் நிற்கும் அந்தக் கை, விரல் மடிப்பு முதல் மணிக்கட்டின் நிழல் வரை மாயாவியின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஐஸ் கம்பெனி ஆளிடம் துப்பாக்கி எப்படி வந்தது? உங்கள் கதையில் அதற்குப் பதில் இல்லை. படத்தோடு சேர்ந்து வந்துவிட்டது.

அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். வண்ணாரப்பேட்டையில் ஒரு வாடகை நூல்நிலையத்தில் எடுத்துவந்த புத்தகத்தின் மேல், நல்லெண்ணெய் தடவிய தாளை வைத்து அதைப் படியெடுத்திருக்கிறேன். எண்ணெய் புத்தகத்தில் இறங்கிவிட்டது. கடைக்காரர் முழு விலையையும் வாங்கிக்கொண்டார். ஆனால் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் விழும், மறுபக்கம் முழுக் கறுப்பாகவே இருக்கலாம் என்பதை என் விரல் அன்றுதான் கற்றது. படியெடுத்துப் பழகுவதில் ஒரு தவறும் இல்லை. அதை உங்கள் பக்கம் என்று வைப்பதுதான் தவறு.

இப்போது ஐந்தாம் பக்கம். ஆள் மறைந்த பிறகு, உடம்பில் ஒட்டியிருந்த மீன் செதில்கள் மட்டும் விளக்கொளியில் மினுங்கிக்கொண்டே நகர்கின்றன. கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயா நிமிர்ந்து பார்த்து, ‘யாரு, நம்ம புள்ளயா?’ என்கிறார். தம்பி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது மாயாவியில் இல்லை. இருக்கவும் முடியாது.

முன்னோர் நூலை ஒட்டி எழுதும் வழிநூலுக்கு இலக்கணம் சொல்லும் நன்னூல், முன்னோர் முடிபை ஒத்துக்கொண்டு ‘பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி’ என்கிறது. விகற்பம் என்றால் வேறுபாடு. அந்தச் செதில்தான் நீங்கள் கூறிய விகற்பம். ஆள் மறைவது யாருடைய சொத்தும் இல்லை. 1962-ல் பிரிட்டனின் வேலியன்ட் இதழில் மாயாவி வருவதற்கு முன்பே, 1897-ல் எச்.ஜி. வெல்ஸ் மனிதனை மறைய வைத்துவிட்டார். நம் கதைகளில் அஞ்சன மை பூசி மறைந்தவர்கள் அதற்கும் மூத்தவர்கள்.

ஹால் ஃபாஸ்டரின் ‘பிரின்ஸ் வேலியன்ட்’ என்ற அமெரிக்கப் படக்கதை 1937-ல் தொடங்கியது. அதில் இளவரசன் ஒரு வாத்தின் தோலை முகத்தில் மாட்டிக்கொண்டு பேய் வேடம் போடுவான். 1972-ல் காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி அந்த முகமூடியை எடுத்து, தன் ‘டீமன்’ (பேய்) பாத்திரத்துக்கு நிஜ முகமாகவே வைத்தார். வேடமாக இருந்தது உயிராகிவிட்டது. எடுத்தால் இப்படி எடுக்க வேண்டும்.

பேட்மேனின் முதல் கதையும் எடுத்ததுதான். 1939-ல் அதை எழுதிய பில் ஃபிங்கர், ‘ஷேடோ’ துப்பறியும் கதை ஒன்றைத் தழுவியதாகப் பின்னாளில் தானே சொன்னார். என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. பேட்மேனை உருவாக்கியவர் என்று ஓவியர் பாப் கேன் பெயர் மட்டுமே வந்துகொண்டிருந்தது. ஃபிங்கர் 1974-ல் இறந்தார். அவர் பெயரையும் முறையாகச் சேர்த்தது 2015-ல்தான். கதையை எடுப்பதைவிடப் பெயரை எடுப்பது பெரிய திருட்டு என்று நினைக்கிறேன்.

மாயாவியை உருவாக்கியவர்களுக்கும் அதே கதிதான். அந்தக் கால பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக மாயாவி தமிழுக்கு வந்தார். எண்ணெய்த் தாளில் நான் படியெடுத்த கை ஒரு பார்சிலோனாக்காரர் வரைந்தது என்று தெரியவந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அத்தனை வருடம் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

மூன்றாம் பக்கத்தை மட்டும் மறுபடி வரையுங்கள். துப்பாக்கி வேண்டாம், ஐஸ் பார் இழுக்கும் கொக்கியைக் கொடுங்கள். விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய், ஐஸ் இழுக்கும் ஒருவரிடம் கேட்டு, அவர் கையைப் பார்த்தே வரையுங்கள். குளிரில் விரல்கள் எப்படி வெளுத்து மரத்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் பக்கத்தின் அடியில், மாயாவியை முதலில் எழுதிய கென் புல்மர், வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ இருவர் பெயரையும் தெளிவாக எழுதுங்கள். பிறகு அதே நண்பரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஏழாம் பக்கம் முடிந்ததும் எனக்கும் அனுப்புங்கள். அந்த ஆயா அடுத்து என்ன சொல்கிறார் என்று தெரிய வேண்டும்.