பேர் பெரிய காலேஜா, பக்கத்துக் காலேஜா?

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மகள் வரும் ஜூனில் ஹைஸ்கூல் முடிக்கிறாள். யூசி டேவிஸில் (யூசி என்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், டேவிஸ் அதன் ஒரு வளாகம்) பயாலஜி படிக்க ஆசைப்பட்டாள். இடம் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு டிரான்ஸ்ஃபர் வாங்கிப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கூப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்சாவில்தான் சேர்க்க வேண்டும் என்கிறார் என் வீட்டுக்காரர். அங்கே போனால் யூசி நிச்சயம் என்று அவர் ஆபீஸில் எல்லாரும் சொல்கிறார்களாம். ஓலோனி காலேஜ் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். மகளுக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்ட இன்னும் பயம். ஊரில் மாமியாரிடம் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எதில் சேர்த்தால் டேவிஸ் கிடைக்கும்?
– ஒரு வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: உங்கள் வீட்டுக்காரரின் ஆபீஸில் சொல்வது முழுப் பொய் இல்லை, தங்கச்சி. டி ஆன்சாவிலிருந்து வருடா வருடம் ஏராளமான பிள்ளைகள் யூசிக்குப் போகிறார்கள். ஆனால் திருப்பதி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாரும் மலைக்குத்தான் போகிறார்கள். அதற்காக அந்த பஸ்ஸுக்கு பக்தி அதிகம் என்று சொல்ல முடியுமா? டிரான்ஸ்ஃபர் ஒன்றையே குறியாக வைத்துப் பல ஊர்ப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்கிறார்கள். எண்ணிக்கை கூடுவதற்கு அது ஒரு பெரிய காரணம். காலேஜ் பேருக்காக டேவிஸ் தனியாக மார்க் போடுவதில்லை.

டேவிஸ் என்று நீங்கள் குறிப்பிட்டு எழுதியிருப்பதால் என் வேலை பாதி குறைந்தது. யூசியின் ஆறு வளாகங்கள் கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்கு ‘டேக்’ (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி) என்ற உத்தரவாதம் கொடுக்கின்றன: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியேகோவும் அந்தப் பட்டியலில் இல்லை. துறைக்கென்று சொல்லும் பாடங்களை முடித்து, சொல்லும் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) வாங்கினால் சீட் உறுதி. கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. எதில் படித்தாலும் டேவிஸின் டேக் விதி ஒன்றுதான். ஓலோனிப் பிள்ளைக்கு ஒரு விதி, டி ஆன்சாப் பிள்ளைக்கு ஒரு விதி என்று கிடையாது.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? இன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு மகளோடு உட்காருங்கள். லேப்டாப்பில் ‘அசிஸ்ட் டாட் ஆர்க்’ திறந்து, ஒரு பக்கம் ஓலோனி – டேவிஸ், இன்னொரு பக்கம் டி ஆன்சா – டேவிஸ் என்று போட்டு, அவளுடைய துறையை அழுத்துங்கள். இடப்பக்கம் டேவிஸ் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக இந்தக் காலேஜில் இருக்கும் பாடம். ஈடு இல்லாத இடத்தில் ‘நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்’ என்று போட்டிருக்கும். அந்த வரி எந்தக் காலேஜில் எத்தனை தடவை வருகிறது என்று பென்சிலால் எண்ணுங்கள். ஆபீஸ் பேச்சை எல்லாம் இதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அதோடு வேலை முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக ஒரு கம்யூனிட்டி காலேஜின் கணக்கு டியூட்டரிங் அறையில் இருக்கிறேன். என் மேஜைக்கு எதிரே பிள்ளைகள் அழுத அழுகையில் பாதி, பாடம் புரியாததற்கு இல்லை, பாடம் கிடைக்காததற்கு. கேட்டலாகில் பாடம் இருக்கும், அந்த டெர்மில் நடத்த மாட்டார்கள். பயாலஜிக்குப் போகிறவளுக்கு கெமிஸ்ட்ரிதான் முதுகெலும்பு. ஜெனரல் கெமிஸ்ட்ரி முடித்தால்தான் ஆர்கானிக். முதல் வருடம் இலையுதிர்காலத்தில் ஜெனரல் கெமிஸ்ட்ரியில் இடம் பிடிக்காவிட்டால் ஆர்கானிக் அடுத்த வருடம் தள்ளிப்போகும், அதற்குப் பின்னால் எல்லாமே ஒரு வருடம் சரியும். லேப் உள்ள வகுப்பில் இடம் கொஞ்சம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பதிவுத் தேதியும் பின்னால்தான் வரும். ஆகவே இரண்டு காலேஜிலும் போன வருடத்து வகுப்பு அட்டவணையை எடுத்து, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எந்தெந்த டெர்மில், எத்தனை வகுப்பு, பகலிலா இரவிலா என்று பாருங்கள். கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது இதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். டி ஆன்சா குவார்ட்டர் முறை, ஓலோனி செமஸ்டர் முறை. குவார்ட்டர் என்றால் பன்னிரண்டு வாரம். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் முதல் பரீட்சை வந்துவிடும். டேவிஸும் குவார்ட்டர்தான் என்பதால் அந்த ஓட்டம் முன்கூட்டியே பழகும் என்று சொல்லலாம், அது நியாயம். ஆனால் பாதியில் மட்டும் மாறாதீர்கள். என் மகன் குவார்ட்டர் காலேஜ் ஒன்றில் கால்குலஸ் ஆரம்பித்தான். அங்கே அது நாலு பாகம். இரண்டு பாகம் முடித்ததும், பெட்ரோல் மிச்சம் என்று நான்தான் வீட்டுப் பக்கத்திலிருந்த செமஸ்டர் காலேஜுக்கு மாற்றினேன். இங்கே கால்குலஸ் மூன்று பாகம். நாலில் இரண்டும் மூன்றில் ஒன்றரையும் கணக்குக்குச் சமம்தான். அரைப் பாடத்துக்கு யார் கிரெடிட் கொடுப்பார்கள்? படித்ததையே பாதி மறுபடி படித்தான், ஒரு செமஸ்டர் போயிற்று. கணக்கு டியூட்டர் வீட்டிலேயே இந்தக் கூத்து. கெமிஸ்ட்ரியும் அப்படித்தான். எந்தக் காலேஜில் தொடரை ஆரம்பிக்கிறாளோ அங்கேயே முடிக்கட்டும்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு செமஸ்டர் காலேஜில் ஒரு யூனிட் (பாடங்களை அளக்கும் கிரெடிட் கணக்கு) 46 டாலர், குவார்ட்டர் காலேஜில் 31. டிரான்ஸ்ஃபருக்கு 60 செமஸ்டர் யூனிட் அல்லது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். பெருக்கினால் 2,760-ம் 2,790-ம் வருகிறது. புத்தகம், பார்க்கிங் தனி. வித்தியாசம் ரோட்டில்தான். காலை எட்டு மணி லேபுக்கு 880, 237, 85 என்ற ஃப்ரீவேக்களில் வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேருகிற பெண்ணுக்கு, பத்து நிமிடத்தில் போகிறவளைவிட தினமும் ஒன்றரை மணி நேரம் குறைவு. வாரத்துக்கு ஐந்து நாள் என்று போட்டுப் பாருங்கள். கெமிஸ்ட்ரியில் பி வருவதற்கும் ஏ வருவதற்கும் அந்த நேரம் போதும்.

என் யோசனை: ஓலோனியில் அவளுக்கு வேண்டிய தொடர் முழுக்க இருந்து, தேவையான டெர்மில் நடந்தால், ஓலோனி. ஓட்டை பெரிதாக இருந்தால் மட்டும் டி ஆன்சா, அதுவும் முதல் நாளிலிருந்தே. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட வேண்டாம்.

தேதிகளை ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை, ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். அப்போதே 30 செமஸ்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். முதல் வருடம் சோம்பினால் இங்கேயே மாட்டிக்கொள்வாள். டேக் போட்டதோடு நின்றுவிடக் கூடாது. அக்டோபர், நவம்பரில் யூசி விண்ணப்பத்தைத் தனியாகப் போடாவிட்டால் டேக் செல்லாது. துறைப் பட்டியலும் ஜிபிஏவும் வருடத்துக்கு வருடம் மாறும், அந்த வருடத்துத் தாளையே பாருங்கள்.

மாமியார் விஷயம். நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் சின்னச் சின்ன சான்றிதழ் படிப்புகள்தான் ஞாபகத்துக்கு வரும், அவர்கள் மேல் தப்பில்லை. ‘முதல் இரண்டு வருடம் இங்கே, அடுத்த இரண்டு வருடம் டேவிஸில், பட்டம் டேவிஸ் பட்டம்’ என்று சொல்லுங்கள். என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, ‘ஃபீஸ் எவ்வளவு?’ என்றார். சொன்னேன். ‘அப்ப நாலு வருஷமும் அந்தக் கம்யூனிட்டி காலேஜிலேயே படிக்கட்டுமே’ என்றார்.

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் என் பையன் கோடையில் கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் எடுக்கலாமா? சும்மாதானே இருக்கிறான்.
– ஒரு வாசகர், மில்பிடாஸ்

பதில்: எடுக்கலாம், சும்மா இருக்கிறான் என்பதற்காக வேண்டாம். அவனும் பின்னால் டிரான்ஸ்ஃபரில் போவதானால், யூசி ஹைஸ்கூல் ஜிபிஏவைப் பார்ப்பதில்லை. காலேஜில் எடுத்த பாடமோ பதினாறு வயதில் எடுத்திருந்தாலும் டிரான்ஸ்ஃபர் ஜிபிஏவில் ஏறிவிடும். பிடிக்காமல் போய் உட்கார்ந்து சி வாங்கினால், நாலு வருடம் கழித்தும் அந்த சி கூடவே வரும். அவனுக்குப் பிடித்த பாடமா என்று முதலில் கேளுங்கள். பிடிக்காவிட்டால் கோடையில் தூங்கட்டும், விடுங்கள்.