கடைசி இடத்தில் இருக்கும் அணி

கேள்வி: டெட்ராய்ட் பக்கம் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். 11 வயதுப் பேரன் பேஸ்பால் ஆடுகிறான். அவன் அணி 10 ஆட்டத்தில் 9 தோற்றுவிட்டது. இன்னும் இரண்டு பாக்கி. "எப்படியும் கடைசி இடம்தான், எதுக்குப் பாட்டி போகணும்?" என்கிறான். என்ன சொல்வது?

பதில்: அம்மா, பேரன் கேட்டது நியாயமான கேள்விதான். "வெற்றி தோல்வி முக்கியமில்லை கண்ணு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படியானால் ஸ்கோர் எதற்கு எழுதுகிறார்கள் என்று திருப்பிக் கேட்பான்.

அந்த ஊர்க் கதையையே சொல்லுங்கள். 2003-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி 156 ஆட்டத்தில் 118 தோற்றிருந்தது. பாக்கி ஆறு. அதில் இரண்டு தோற்றால், 1962-ல் நியூயார்க் மெட்ஸ் அணி வாங்கிய 120 தோல்விக்குச் சமம்; 1900-க்குப் பிறகு அன்றுவரை அதுதான் மிக மோசமான கணக்கு. ஆனால் ஆறில் ஐந்தை ஜெயித்துவிட்டார்கள்! கடைசிக்கு முந்தின நாள் மின்னசோட்டா அணியிடம் 0-8 என்று கிடந்தவர்கள், 9-8 என்று முடித்தார்கள். (மின்னசோட்டா அதற்குள் தன் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்துவிட்டது; அந்த ஆட்டத்தில் தோற்றாலும் அவர்கள் இடம் போகாது. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.)

கோப்பை கைவிட்டுப் போன பிறகு அந்த மாதிரி அணியில் ஆளுக்கொரு கணக்கு ஓடும். செப்டம்பரில் மைனர் லீக் என்ற கீழ்மட்டப் போட்டியிலிருந்து மேலே வரும் பையனுக்கு அந்தச் சில வாரங்கள்தான் இன்டர்வியூ. பெரிய லீக்கில் 43 நாள் சேர்ந்தால் பென்ஷனுக்குத் தகுதி வந்துவிடும்; அந்த நாளை எண்ணுகிறவனும் இருப்பான். சிலருக்கு ரோஷம்.

எனக்குப் பிடித்தவர் அந்த அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், மைக் மராத். பேஸ்பாலில் ஒவ்வொரு வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படும். ஒரே சீசனில் 20 தோல்வி என்பது 1980-க்குப் பிறகு யாருக்கும் நேராத அவமானம். அது தன் பெயரில் ஏறிய பிறகும் பந்தை வாங்கிக்கொண்டு போய் நின்றார். 9 வெற்றி, 21 தோல்வி என்று முடித்தார். அந்த ஒன்பதுதான் அணியிலேயே அதிகம். அதே அணியில் 20 வயது ஜெரமி பாண்டர்மன் 19 தோற்றதும், இருபதாவது அவன் தலையில் விழ வேண்டாம் என்று பிட்சர்கள் முறைவைத்து ஆட்டம் தொடங்கும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆளைப் பொறுத்தது.

அதனால் முதலில் பேரனிடம் விசாரியுங்கள். தோற்பதுதான் வலிக்கிறதா, இல்லை யாராவது கேலி செய்கிறார்களா, கோச் கத்துகிறாரா? அப்படி ஏதாவது என்றால் மகளை விட்டு கோச்சிடம் பேசச் சொல்லுங்கள். வெறும் அலுப்பு என்றால், அவனுக்கென்று ஒரு சின்னக் கணக்கு வேண்டும். இதுவரை நிற்காத இடத்தில் நிற்கக் கேட்கலாம். மோசமான பந்துக்கு மட்டையை வீசாமல் எத்தனை முறை விட்டான் என்று நீங்கள் ஒரு நோட்டில் குறிக்கலாம். எது மோசமான பந்து என்று அவனே உங்களுக்குச் சொல்லித்தரட்டும்.

இரண்டு ஆட்டத்துக்கும் போய் உட்காருங்கள் அம்மா. ஸ்வெட்டரை மறக்காதீர்கள், சாயங்காலம் குளிரும்.