அந்த 2,800 ரூபாய் யாருக்குப் போகிறது?

கேள்வி: 28,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்குகிறேன். கம்பெனி வாரண்டி ஒரு வருடம், கம்ப்ரஸருக்கு 10 வருடம். கூடுதலாக இரண்டு வருட வாரண்டிக்கு 2,800 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம். அந்த விலை எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு பேச்சுக்கு, நூறு ஃபிரிட்ஜில் எட்டு அந்த இரண்டு வருடத்தில் பழுதாகிறது, ரிப்பேருக்குத் தலா 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 32,000. நூறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 320 ரூபாய். நீங்கள் கட்டுவதோ 2,800! 18 சதவீத ஜிஎஸ்டி போக மிச்சத்தில் திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு ஒரு பங்கு, கடைக்குக் கொழுத்த கமிஷன். ஃபிரிட்ஜ் விற்பதில் கடைக்கு லாபம் குறைவு. அதனால்தான் பில் போடும் இடத்தில் நின்று விடாமல் வற்புறுத்துகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தயாரிப்பிலேயே கோளாறு என்றால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தெரிந்துவிடும். தேய்மானப் பழுது பல வருடம் கழித்துத்தான் வரும். இவர்கள் காசு வாங்குவது இரண்டுக்கும் நடுவே உள்ள, பழுது குறைந்த வருடங்களுக்கு. என் வீட்டு மைக்ரோவேவுக்கு இப்படித்தான் கட்டினேன். கெடு முடிந்த பிறகே அது படுத்தது. அந்தப் பணத்தை ரிப்பேருக்கென்று எடுத்து வையுங்கள். கம்ப்ரஸர் வாரண்டியிலும் கவனம்: பெரும்பாலும் கம்ப்ரஸர் மட்டும்தான் இலவசம், கேஸ், கூலி தனி.

கேள்வி: மிக்ஸி 1,900 ரூபாய். அதற்கும் 399 ரூபாய்க்கு வாரண்டி நீட்டிப்பாம். (திருச்சி)

பதில்: கூடவே கூடாது.

கேள்வி: போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்தது. நீட்டித்த வாரண்டி இருந்தும் மறுக்கிறார்கள். (சேலம்)

பதில்: கீழே விழுந்து உடைவதற்கு வேறு திட்டம். நீங்கள் வாங்கியது போன் தானாகப் பழுதானால் மட்டும். ஒரு பக்கத்தைப் படிக்காமல் பணம் கட்டிவிட்டு எனக்கு எழுதினால் நான் என்ன செய்ய?

கேள்வி: டிவிக்கு மூன்று வருட நீட்டிப்பு வாங்கினோம். பேனல் போனது. உதிரி பாகம் இல்லை, தேய்மானம் கழித்து 40 சதவீதம்தான் தருவோம் என்கிறார்கள். இந்த நிபந்தனையை விற்கும்போது யாரும் சொல்லவில்லை; பில் மட்டும்தான் கொடுத்தார்கள். (தூத்துக்குடி)

பதில்: விடாதீர்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கையில் கொடுக்காத நிபந்தனையைப் பணம் தரும் நேரத்தில் நீட்டுவது அநியாயம். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கடையையும் எதிர்தரப்பில் சேருங்கள், விற்றது அவர்கள்தான்.

கேள்வி: தவணையில் வாஷிங் மெஷின் வாங்கினேன். கேட்காமலே வாரண்டியைத் தவணையில் சேர்த்துவிட்டார்கள். (கோவை)

பதில்: இன்றே கடைக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ரத்து செய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசி விட்டுவிடாதீர்கள்.