தம்பி பிழைக்காதது என் விசுவாசக் குறைவா?

கேள்வி: என் தம்பி ரத்தப் புற்றுநோயில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவனுக்காக உபவாசம் இருந்தோம், சபையே இரவெல்லாம் ஜெபித்தது. அதே சமயத்தில் எங்கள் சபையில் இன்னொரு சகோதரிக்கும் அதே நோய். அவர் குணமாகி, போன மாதம் சாட்சி சொன்னார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் என்னிடம், "நீங்கள் இன்னும் கொஞ்சம் உறுதியாக விசுவாசித்திருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. அந்தச் சகோதரியைப் பார்த்தால் பொறாமை வருகிறது. நான் விசுவாசியே இல்லையோ?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், வாசலில் உங்களிடம் சொல்லப்பட்ட அந்த வார்த்தை தவறு. சொன்னவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம், அப்படியும் தவறுதான். உங்கள் விசுவாசம் போதாததால் தம்பி இறக்கவில்லை. இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, வேதத்தை வைத்தே சொல்கிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். கி.பி. 44-இல் இறந்துபோன ஏரோது அகிரிப்பாவின் காலம். பேதுருவைச் சிறையில் வைத்து, நான்கு நான்கு பேராகப் பதினாறு சேவகரைக் காவல் போடுகிறான். தூதன் வருகிறான், சங்கிலிகள் கழன்று விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. ஞாயிறு பள்ளியில் எல்லோரும் கேட்ட கதை. ஆனால் அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை நாம் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறோம். அதே ஏரோது, யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அவ்வளவுதான், ஒரே வசனம். யாக்கோபுக்கு ஏன் தூதன் வரவில்லை என்று இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

பேதுருவுக்காக ஜெபித்தவர்கள் அசைக்க முடியாத விசுவாசிகளாவது இருந்தார்களா? பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் ஓடிப்போய்ச் சொல்கிறாள். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். தாங்கள் கேட்டது கிடைத்துவிட்டதை அவர்களாலேயே நம்ப முடியவில்லை. ஆனாலும் பேதுரு வாசலில் நிற்கிறார். விசுவாசத்தை அளந்து பார்த்துத்தான் தேவன் விடுதலை தருகிறார் என்றால், அந்த வீட்டுக் கதவை அன்று யாரும் தட்டியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் மனம் யோவானிடமே போகிறது. பேதுருவும் அவரும் ஒன்றாக மீன் பிடித்தவர்கள், ஒன்றாக ஊழியம் செய்தவர்கள். தன் அண்ணன் திரும்பி வரவில்லை, நண்பன் திரும்பி வந்துவிட்டான். பேதுருவின் முகத்தை அடுத்த தடவை பார்த்தபோது யோவானுக்குள் என்ன ஓடியிருக்கும்? வேதம் சொல்லவில்லை. "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்ற வரி உள்ள நிருபத்தை யோவான் எழுதியதாகவே சபை வழிவழியாக ஏற்றிருக்கிறது. அண்ணனைப் பறிகொடுத்த ஒருவர் எழுதிய வரி அது. சகோதரனை இழந்தவராக நீங்கள் அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

என் அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் நானும் கணக்குப் போட்டேன். இத்தனை நாள் உபவாசம், இத்தனை மணி நேரம் முழங்காலில். ஜெபம் என்றுதான் அதை நினைத்தேன். உண்மையில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கிருபை என்பது சம்பாதிக்காமலே கிடைப்பது. அதை விசுவாசத்துக்குக் கூலி என்று ஆக்கிவிட்டால், கிடைக்காதவர் எல்லோரும் குற்றவாளிகளாகிவிடுவார்கள். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் மட்டும் வந்தது. தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாகவும் அவரே எழுதுகிறார். பவுலைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருக்கலாம்" என்று யார் சொல்வார்கள்?

சரி, அப்படியானால் ஏன் ஒருவருக்குச் சுகம், இன்னொருவருக்கு இல்லை? எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். தேவனுடைய இரகசியம் என்பது கெட்டிக்காரர்கள் விடை கண்டுபிடிக்கிற விடுகதை கிடையாது. இறந்துபோன தன் சகோதரன் லாசருவுக்காக, அவன் கல்லறைக்குப் போகிற வழியில் மரியாள் அழுதபோது, தான் ஏன் இரண்டு நாள் தாமதித்து வந்தேன் என்று இயேசு அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அவரும் அழுதார். இன்னும் சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப் போகிறவர் எதற்கு அழ வேண்டும்? இத்தனை வருடமாகியும் அந்த இடத்தை என்னால் முழுசாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆனால் நான் நம்பிக்கை வைத்திருப்பது அந்த இடத்தில்தான்.

ஜெபம் வரவில்லை என்கிறீர்கள். இப்போதைக்குச் சொந்த வார்த்தைகளைத் தேட வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்". அதுவும் ஜெபம்தான். அது முடிவில் துதியாக மாறுவது உங்களுக்கு இப்போது ஒட்டவில்லை என்றால் 88-ஐ வாசியுங்கள். அது கடைசிவரை ஆறுதல் இல்லாமலே முடிகிறது. அப்படி ஒரு சங்கீதத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. அதையும் முடியாத நாளில், உங்களுக்காக ஜெபிக்க ஒருவரைக் கேளுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் சரியாக இல்லையென்றால் மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

பொறாமைக்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அந்தச் சகோதரி பிழைத்தது உங்கள் தம்பியிடமிருந்து எடுத்துக் கொடுத்ததில்லை. இது உங்களுக்கும் தெரியும், மனது அங்கே வந்து சேர நாள் ஆகும். அதுவரை சாட்சி நேரத்தில் எழுந்து வெளியே போய் நின்றாலும் தவறில்லை.

அப்புறம் ஒன்று. கடிதத்தில் உங்கள் தம்பி எப்படி இறந்தார் என்பதுதான் இருக்கிறது. அவர் எப்படிப்பட்டவர், எதற்குச் சிரிப்பார், உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. முடிகிறபோது எழுதுங்கள்.