டிசைன் வேலைக்கு லேப்டாப்: கிராபிக்ஸ் கார்டுக்கு முன் திரையைப் பாருங்கள்

கேள்வி: மார்த்தாண்டத்தில் டிசைன் வேலை செய்கிறேன். பிளெக்ஸ், கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், கல்யாண ஆல்பம் எல்லாம் வரும். ஃபோட்டோஷாப்பும் கோரல்டிராவும்தான் அதிகம். 85,000 ரூபாய் வரை போடலாம். கடையில் ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப்தான் சரி என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்தக் கார்டால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இந்த விலையில் பல கேமிங் லேப்டாப்புகளில் கார்டுக்குக் கூடுதலாகப் போட்ட காசைத் திரையில் பிடித்திருப்பார்கள். நீங்கள் நிறத்தை விற்றுப் பிழைப்பவர். அதனால் திரையில் தொடங்குங்கள்.

விவரத் தாளில் '45% என்டிஎஸ்சி' (திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதன் அளவு) என்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற வரம்பில் சுமார் 60 சதவீதம்தான் அதில் தெரியும். 144 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் வேகம்) என்று பெரிதாக எழுதியிருந்தாலும் நிறம் கூடாது. இப்படிப்பட்ட திரையில் சிவப்பு மங்கித் தெரிய, நீங்கள் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றுவீர்கள். ஆல்பம் லேபிலிருந்து வரும்போது மணமக்கள் முகம் செக்கச்செவேலென்று இருக்கும். '100% எஸ்ஆர்ஜிபி' ஐபிஎஸ் திரை, குறைந்தது 300 நிட்ஸ் வெளிச்சம், பளபளப்பில்லாத மேற்பரப்பு, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஓஎல்இடி வகைத் திரை கண்ணுக்கு அழகுதான். ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் டூல்பார், வருடங்கள் போனால் நிழலாகப் பதிந்துவிடக்கூடும். வாங்கினால் எஸ்ஆர்ஜிபி பயன்முறையில் வைத்து வேலை செய்யுங்கள், இல்லாவிட்டால் எல்லா நிறமும் தூக்கலாகத் தெரியும்.

அடுத்தது ரேம், அதாவது திறந்திருக்கும் ஃபைல் தங்கும் தற்காலிக நினைவகம். 10க்கு 8 அடி பிளெக்ஸை 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 புள்ளி), சிஎம்ஒய்கே-யில் (அச்சுக்கான நான்கு நிற முறை) திறந்தால் ஒரு முழு லேயருக்கு மட்டும் ஏறத்தாழ 230 எம்பி. பின்னணி, தலைவர் படங்கள், நிழல், எழுத்து என்று லேயர் கூடக்கூட அது ஜிபி கணக்காகிவிடும். பின்னால் போக வைத்திருக்கும் ஹிஸ்டரி வேறு இடம் பிடிக்கும். அதே பிளெக்ஸை 300 டிபிஐ-யில் வைத்தால் ஒரு லேயரே 4 ஜிபியை நெருங்கும்; அகலம் 36,000 பிக்சல் ஆவதால் 30,000-க்கு மேல் ஏற்காத பிஎஸ்டி-யில் (ஃபோட்டோஷாப்பின் வழக்கமான ஃபைல் வகை) சேமிக்கவும் முடியாது. தூரத்திலிருந்து பார்க்கும் பிளெக்ஸுக்கு 72 போதும். எவ்வளவு நல்ல லேப்டாப்பானாலும் இந்தத் தவறு அதைத் திணறடிக்கும்.

16 ஜிபி இல்லாமல் வாங்க வேண்டாம், 32 இருந்தால் நிம்மதி. 16-ஐ ஒரே குச்சியாகப் போடாமல் 8+8 ஆகப் போட்டிருந்தால் வேகம் கூடும். ஆனால் இரண்டே ஸ்லாட் என்றால் பிறகு 32 ஆக்க இரண்டையும் கழற்ற வேண்டிவரும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மெலிந்த மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். பிறகு கூட்டவே முடியாது. கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும்.

ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 1 டிபி இருக்கட்டும். 512 ஜிபிதான் கிடைக்கிறது என்றால் இன்னொரு எஸ்எஸ்டி போட இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். ரேம் நிறைந்ததும் ஃபோட்டோஷாப் எஸ்எஸ்டி-யில்தான் எழுதும்; அதில் இடமில்லாவிட்டால் 'ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது' என்று நின்றுவிடும்.

பிராசஸர் பெயர் எச் அல்லது எச்எஸ் என்று முடியட்டும். யு என்று முடிவது பேட்டரியைச் சேமிக்கச் செய்தது. ஆல்பம் பக்கங்களை வரிசையாக எக்ஸ்போர்ட் செய்யும்போது சில நிமிடங்களிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். கேமரா ராவில் ஏஐ டீநாய்ஸ் (படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குவது), லிக்விஃபை (படத்தை இழுத்து வடிவம் மாற்றுவது), சில பிளர் ஃபில்டர்கள், இவற்றில்தான் அது கைகொடுக்கும். கோரலில் எழுத்தும் கோடும் வைத்துச் செய்யும் கல்யாணக் கார்டு வேலைக்குப் பெரிதாக உதவாது. ஏஐ-யே படத்தை நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் நடப்பது அடோபியின் சர்வரில். அதற்கு இண்டர்நெட்தான் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி உங்களுக்குப் போதும். கல்யாண வீடியோ எடிட்டிங்கும் செய்வதாக இருந்தால் மட்டும் 4050-க்கு ஏறுங்கள். அப்போதும் கார்டுக்குக் கிடைக்கும் மின்சக்தி எத்தனை வாட் என்று கேளுங்கள்: அதே 4050 மாடலுக்கு மாடல் 35 வாட் முதல் 115 வாட் வரை மாறும், வேகமும் அப்படியே மாறும்.

மேக்புக்கின் திரை அருமையானது. ஆனால் பிரஸ்ஸில் இன்னும் பழைய பேஜ்மேக்கர் ஃபைலும் பாமினி எழுத்துருவும் புழங்குகின்றன, தமிழ் தட்டச்சுக்கான என்எச்எம் ரைட்டரும் விண்டோஸுக்கானது. உங்களுக்கு விண்டோஸே வசதி.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று இரண்டு விஷயம். குளச்சல், முட்டம் போலக் கடலையொட்டிய இடங்களில் உப்புக்காற்று யுஎஸ்பி, சார்ஜர் துளைகளைத் துருப்பிடிக்க வைக்கும். வேலை முடிந்ததும் பைக்குள் வையுங்கள், வருடம் ஒருமுறை ஃபேனைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். சித்திரை, ஐப்பசி இடிமழையில் சார்ஜரோடு லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வந்து போர்டை எரிக்கும். போர்டு போனால் செலவு பெரிது என்பதால், வீட்டுக்கே ஆள் வந்து பார்க்கும் வாரண்டியா, எத்தனை வருடம், மின்னழுத்தச் சேதமும் அதில் அடங்குமா என்பதை பில் போடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.