டாட்டூ ஸ்டுடியோ: உரிமமும் சுத்தமும் பற்றிய கேள்வி பதில்

பச்சை குத்தும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்குக் கிருமித் தடுப்புப் பயிற்சியும் கொடுக்கிறேன். அதை வைத்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, சொந்தமாக ஸ்டுடியோ திறக்கப் போகிறேன். ஒரு உரிமம் வாங்கினால் போதுமா?

பல இடங்களில் போதாது தம்பி. கடைக்கு ஒன்று, குத்துகிற ஆளுக்கு ஒன்று என்று இரண்டு கேட்பார்கள். பிரிட்டனின் வேல்ஸில் 2024 நவம்பர் 29 முதல் அப்படித்தான். கடைக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், கலைஞருக்குத் தனி உரிமம் வேண்டும், அதற்குக் கிருமித் தடுப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். ஜப்பானில் நிலைமை வேறு. மருத்துவர் அல்லாதவர் பச்சை குத்தலாமா என்ற வழக்கே உச்ச நீதிமன்றம் வரை போய், அது மருத்துவச் செயல் அல்ல என்று 2020-இல்தான் முடிவானது.

அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் உள்ளூர் சுகாதாரத் துறையிடம் விதிகளை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கை கழுவத் தனித் தொட்டி, கருவி கழுவ வேறு தொட்டி, ஈரத் துணியால் துடைக்கக்கூடிய தரை, ஊசிக் கழிவை எடுத்துச் செல்ல ஏற்பாடு, இவற்றைத்தான் ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பார்கள். குழாய் இணைப்பு இல்லாத அறையைப் பிடித்துவிட்டு அப்புறம் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்களிடம் யூ.வி. (புற ஊதா ஒளி) பெட்டி இருக்கிறது. ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) கட்டாயமா?

திரும்பப் பயன்படுத்தும் கருவி ஒன்றாவது இருந்தால் கட்டாயம். யூ.வி. ஒளி படுகிற பக்கத்தில் மட்டும்தான் வேலை செய்யும், குழாயின் உட்புறத்துக்குப் போகாது. அல்ட்ராசோனிக் கருவி, அதாவது ஒலி அதிர்வால் கழுவும் கருவி, அழுக்கை எடுக்கும், ஆனால் அதுவும் கிருமி நீக்கம் ஆகாது. முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு உறையிட்டு, சாதாரண ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தால் நீராவி அதற்கு அடியில் போகாது.

நான் தொழில் கற்ற கடையில் உறையில் ஒட்டும் டேப் ஒவ்வொரு முறையும் நிறம் மாறியது. அதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் ஸ்போர் டெஸ்ட் அனுப்பினோம், தோல்வி. கதவின் ரப்பர் தேய்ந்திருந்தது. டேப் சூடு பட்டதைத்தான் காட்டும், கிருமி செத்ததைக் காட்டாது. வெப்பத்தை நன்றாகத் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்ப்பதுதான் ஸ்போர் டெஸ்ட். அந்த முடிவுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் வையுங்கள். சுவரில் மாட்டிய உரிமத்தைவிட அந்த நோட்டைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: எல்லாமே ஒருமுறைப் பயன்பாடு. அப்போதும் ஆட்டோகிளேவ் வேண்டுமா?

சில இடங்களில் விலக்கு உண்டு. வாங்கிய ரசீது, பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதித் தேதி எல்லாம் கையில் இருக்க வேண்டும். மெஷினில் மாட்டும் ஊசிக் கூடான கேட்ரிட்ஜில் உள்சவ்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ரத்தம் கலந்த மை மெஷினுக்குள் ஏறிவிடும்.

கேள்வி: கறுப்பு மையில் காய்ச்சி வடித்த நீர் கலந்து சாம்பல் நிறம் எடுக்கிறேன். தவறா?

தவறுதான், இன்றே நிறுத்துங்கள். காய்ச்சி வடித்த நீரில் உப்புகள் இருக்காது, கிருமி இல்லை என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2011-12-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 19 பேருக்குத் தோலில் மைக்கோபாக்டீரியம் கெலோனே என்ற பாக்டீரியாவின் தொற்று வந்தது. அப்படிப்பட்ட நீரில் தயாரித்து, கலந்தே விற்கப்பட்ட சாம்பல் மைதான் காரணம். கலைஞர் கையுறை போட்டு என்ன பயன், சொல்லுங்கள்? மூடியிட்டு வரும் ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) நீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் மேல் பட்ட ஊசி என் விரலில் குத்திவிட்டது. என்ன செய்வது?

உடனே சோப்பும் ஓடும் நீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். வழக்கமாக மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடியும். அந்த வைரஸ் உடலுக்கு வெளியே, மேசையிலும் விளக்குப் பிடியிலும்கூட, குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். நியூயார்க் நகரம் 1961-இல் பச்சை குத்துவதையே தடை செய்தபோது சொன்ன காரணமும் ஹெபடைட்டிஸ் பிதான். தடை 1997 வரை நீடித்தது. ஹெபடைட்டிஸ் சிக்குத் தடுப்பூசியே இல்லை. அதனால்தான் கையுறையோடு போனைத் தொடுகிற பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி: 17 வயதுப் பையன், அம்மா சம்மதித்தால் குத்தலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்குக் குத்துவது குற்றம், பெற்றோர் சம்மதம் செல்லாது. சட்டம் அனுமதிக்கிற இடத்திலும் நான் மறுத்துவிடுவேன். அடையாள அட்டையின் நகல், கையெழுத்திட்ட ஒப்புதல், பயன்படுத்திய மையின் பேட்ச் எண், மூன்றையும் எல்லோருக்கும் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் வாடிக்கையாளர். கடை உரிமம் பெற்றதா என்பது எனக்கு ஏன் முக்கியம்?

ஒரு உதாரணம் போதும். அமெரிக்காவில் மாநில அரசு கண்காணிக்கும் கடையில், புதிய ஊசியும் மறுபடி பயன்படுத்தாத மையும் கொண்டு குத்திக்கொண்டவர் காத்திருக்காமல் ரத்ததானம் செய்யலாம். இல்லையென்றால் 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஒருவர் ரத்தத்தை எவ்வளவு நம்பலாம் என்பதையே அந்தக் கடை தீர்மானிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்ததும், ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், மையைப் புதிய சிறு கிண்ணத்தில் ஊற்றச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.